உப்பா, பூச்சியா: கடற்கரை வீடுகளில் சக்குலண்ட் செடிகளைக் காக்கும் முறை

மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வீட்டு வாசலிலும் மாடிப்படி ஓரத்திலும் சோற்றுக்கற்றாழை, ஜேட், எச்சிவேரியா, அடீனியம், கள்ளி வகைகள் எனச் சக்குலண்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளை வளர்ப்பவர்கள், இலையிடுக்கில் வெள்ளையாக எதையாவது கண்டவுடன் வேப்ப எண்ணெயைக் கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உள்நாட்டு ஊர்களில் இதனால் பெரிய கேடில்லை. உவர்நீரும் உப்புக் காற்றும் உள்ள இராமநாதபுரம் கடற்கரையில் அந்த வெள்ளை பூச்சியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பூச்சியாகவே இருந்தாலும், இங்குள்ள தண்ணீரில் கலந்த மருந்து சரியாக வேலை செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே, பார்த்து அறிவதற்கே பாதி நேரத்தை ஒதுக்கவேண்டும்.

வெள்ளையெல்லாம் பூச்சியல்ல

முதலில் உப்பைக் கழித்துவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வீடுகளில் தொட்டியின் விளிம்பிலும், மண்ணின் மேற்பரப்பிலும், தண்டு மண்ணைத் தொடும் இடத்திலும் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது. கடற்காற்று நேராக மோதும் மாடியில் இலையின் மேலேயே மெல்லிய படலமாக உப்பு படிவதும் உண்டு. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் கரைந்து போவது உப்பு. தொட்டி விளிம்பில் கரையாமல் நிற்கும் பொருக்கின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால், அது நுரைத்துக் கரையுமானால் சுண்ணாம்பு. இரண்டுக்கும் மருந்து தேவையில்லை. நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றி மண்ணை அலசினால் போதும்.

அடுத்தது செடியே சுரக்கும் மெழுகுத்தூள். எச்சிவேரியா இலைகளின் மேல் திருநீறு பூசியதுபோல் ஒரே சீராகப் பரவியிருக்கும் சாம்பல் வெண்மை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் பூச்சு. விரலால் தேய்த்தால் தடம் விழும், அந்த இலையில் விழுந்த தடம் மறையாது. பூச்சியென்று எண்ணி இதைத் துடைத்தெடுத்துவிட்டு, பிறகு இலை வெயிலில் கருகுவதற்கும் பூச்சியையே காரணம் சொல்பவர்கள் பலர்.

மாவுப்பூச்சி இப்படிச் சீராகப் பரவாது. இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கக்கத்திலும், இலையின் அடிப்பக்கத்திலும், பூந்தண்டின் கணுவிலும் பஞ்சுத் துணுக்குகளாக ஒட்டியிருக்கும். வளர்ந்த பெண் பூச்சி 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளம். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் நீள்வட்ட உடலும், குறுக்கே வரிவரியான மடிப்புகளும், ஓரத்தில் சீப்புப்பல் போன்ற மெழுகிழைகளும் தெரியும். சந்தேகம் தீர எளிய வழி, தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தத் துணுக்கைத் தொடுவது. உப்பும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். மாவுப்பூச்சியானால் வெள்ளை நொடியில் நனைந்து படிந்து, அடியிலிருந்து வெளிர் மஞ்சளோ பழுப்போ இளஞ்சிவப்போ ஆன உடல் வெளிப்படும். கடையில் விற்கும் காதுக்குச்சியைவிட ஈர்க்கு மெலிதாக இருப்பதால் ஹவோர்த்தியாவின் நெருக்கமான இலைகளுக்குள்ளும் நுழைகிறது.

தட்டைக் கள்ளியின் மேல் பஞ்சுப்பொதி போல் திரண்டிருப்பது வேறோர் உறவினன். அதை நசுக்கினால் குங்குமத்தைக் கரைத்ததுபோல் சிவப்புச் சாறு வரும். சாயத்துக்குப் புகழ்பெற்ற கோச்சினீல் குடும்பத்துப் பூச்சி அது. 1795-இல் சாயம் எடுக்கும் எண்ணத்தில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது உண்மையான சாயப்பூச்சி அல்ல, அதன் மட்டரக இனம். சாயத்துக்கு உதவாவிட்டாலும், அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பிறகு, தென்மாவட்டத் தரிசுகளை மூடிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து மற்றோர் இனத்தை வரவழைத்தார்கள். ஊர்ப்புறத்துக் கள்ளியை அழித்ததற்காக அன்று பாராட்டப்பட்ட பூச்சி, இன்று விலைகொடுத்து வாங்கிய தொட்டிக் கள்ளிக்குப் பகையாகிறது. அதன் பஞ்சை நீர்விசையால் பீய்ச்சிக் கலைத்து, மிச்சத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பதே முதல் வேலை. மருந்து அதற்குப் பிறகுதான் உடலில் படும்.

மாவுப்பூச்சியை அடக்குவது

ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் சில நூறு முட்டைகள் வரை இடும். பைக்குள் இருக்கும் முட்டையின் மேல் எந்தத் தெளிப்பும் நன்றாகப் படுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்து ஊர்ந்து திரியும் குஞ்சுக்குத்தான் மெழுகுப் போர்வை இல்லை. ஆகவே எத்தனை வலுவான மருந்தானாலும் ஒரே நாளில் ஊற்றித் தீர்ப்பதில் பயனில்லை. ஏழு நாளுக்கு ஒருமுறையாக மூன்று அல்லது நான்கு முறை திரும்பத் திரும்பச் செய்வதே முட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியையும் பிடிக்கும் வழி. முதல் தெளிப்பிலேயே செடி தெளிந்துவிட்டதாகத் தோன்றுவதால் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் பூச்சி முன்னிலும் பெருகிநிற்கும்.

பூச்சி சிலவே இருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பது மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்தது. 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இதற்கு ஏற்றது. கைகழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் சேர்த்துள்ள பசையும் கிளிசரினும் இலையில் ஒட்டிக்கொள்ளும். வேலையை மாலையில் செய்து, செடியை மறுநாள் முழுவதும் நிழலில் வைக்கவேண்டும். பால் வடியும் யூஃபோர்பியா வகையானால் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது; கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பரவிவிட்ட நிலையில் சோப்புக் கரைசலோ வேப்ப எண்ணெயோ தேவைப்படும். இங்கேதான் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்காத வெண்கசடாகப் படிந்துவிடுகின்றன. பூச்சியின் மேல் பரவவேண்டிய சோப்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. வேப்ப எண்ணெயைக் கலக்கும்போதும் இதே கதைதான். சோப்பு தோற்றுவிட்டால் எண்ணெய் பாலாகக் கலக்காமல் மேலே மிதந்து, தெளிப்பானின் கடைசிச் சொட்டுகளில் மொத்தமாக ஓரிலையின் மேல் விழுந்து அதைக் கருக்கிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவுநீரில்தான் என்பதால் மருந்து கலக்கவும் அது ஆகாது, சக்குலண்டுக்கு ஊற்றவும் ஆகாது. பிடித்துவைத்த மழைநீர், காவிரிக் குடிநீர், ஏ.சி. வடிநீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தலாம். இவற்றுள் ஏ.சி. வடிநீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் தெளிப்புக்கு அதையே நான் முதலாவதாகச் சொல்வேன்.

ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும், மணமோ நிறமோ அதிகமில்லாத திரவச் சோப்பு 1 அல்லது 2 மில்லியும் அளவு. முதலில் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு வெண்மையாகும்வரை குலுக்கி, பிறகே மிச்ச நீரைச் சேர்க்கவேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வேம்பின் செயற்பொருளாகிய அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துபோகும். எண்ணெய் பூசிய இலையோ வெயிலில் வெந்துபோகும். இரண்டு காரணத்தாலும் பொழுது சாய்ந்த பிறகே தெளிப்பது முறை. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது கொட்டையைச் சேர்த்து உலர்த்தி வைப்பவர்கள், உடைத்தெடுத்த பருப்பை லிட்டருக்கு 50 கிராம் என்று இடித்து இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டினால் 5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். எண்ணெயைவிட இது இலையின் மேல் இலேசானது.

எச்சிவேரியா போன்ற மெழுகுத்தூள் இலைகளுக்கு எண்ணெய் வேண்டாம். தூள் கரைந்து செடி பச்சையாகப் பளபளத்துவிடும், அழகும் போகும், வெயில் தாங்கும் வலுவும் போகும். ஜேட் செடியும், முள்கிரீடம் எனப்படும் யூஃபோர்பியாவும் சோப்பைத் தாங்காமல் இலை உதிர்ப்பவை. எந்தச் செடியானாலும் ஒரு பக்கத்து இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போகலாம். தெளித்தபின் இலையடுக்கின் நடுக்குழியில் நீர் தேங்கி நின்றால் கடலோரத்து ஈரக்காற்றில் அது விடியும்வரை காயாது, குருத்து அழுகிவிடும். துணியின் முனையால் ஒற்றியோ ஊதியோ குழியைக் காயவைக்க வேண்டும்.

ஒரு வெண்ணிற உயிரை மட்டும் கொல்லாதீர்கள். மாவுப்பூச்சியைப் போலவே பஞ்சிழைகள் போர்த்திருந்தாலும், அதைவிடப் பெரிதாக, இழைகள் நீண்டு கலைந்து, தொட்டால் வேகமாக ஓடுவது கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே பிறந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்கு வந்தது. அதேபோல் பழுப்பாக உப்பி, கடினமாகி, முதுகில் வட்டத்துளையோடு கிடக்கும் மாவுப்பூச்சிக் கூடு, உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து வெளியேறியதன் அடையாளம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகமெங்கும் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியபோது அதை அடக்கியது மருந்தன்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுச் சின்னஞ்சிறு குளவிகளே.

எறும்பு வழிகாட்டும்

மாவுப்பூச்சியும் அசுவினியும் மெல்லோட்டுச் செதில் பூச்சியும் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பை ஒட்டும் துளிகளாகக் கழிக்கின்றன. அந்த இனிப்புக்கு எறும்பு வரும். இனிப்பு படிந்த இலையில் கரும்பூசணம் படரும். எறும்பு செடிக்குக் கேடு செய்யவில்லை என்று விட்டுவிடக்கூடாது. அது பொறிவண்டையும் குளவியையும் விரட்டி, பூச்சிக்குக் காவல் நிற்கிறது. தொட்டியில் எறும்புச் சாரி கண்டால், அது எந்த இலையில் போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்த்தாலே பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும். மண்ணுக்குள் இறங்கினால் வேரைப் பார்க்கவேண்டும்.

சோற்றுப்பானை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய ஏற்பாடு தொட்டி மேசைக்கும் பொருந்தும். கிண்ணத்து நீரில் சோப்பு கொஞ்சம் விட்டுவைத்தால் கொசுவும் முட்டையிட்டுப் பெருகாது. மேசை சுவரையோ கொடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு வீண்.

வேர் மாவுப்பூச்சி

தண்ணீர் விட்டும் இலை சுருங்கியே இருக்கிறது, பல மாதமாகப் புதுக்குருத்து இல்லை, மேலே பூச்சி எதுவும் தெரியவில்லை என்றால் செடியைத் தொட்டியிலிருந்து தயங்காமல் உருவிப் பாருங்கள். வேர்முடிச்சுகளிலும் தொட்டியின் உட்சுவரிலும் சுண்ணாம்பு தெறித்ததுபோல் நீலவெண் தூளும், அதற்கிடையே அரிசி நொய்யைவிடச் சிறிய பூச்சிகளும் இருக்கும். கலவையில் சேர்த்த பெர்லைட் என்னும் வெண்துகளோ என்று ஐயம் வந்தால் நசுக்கிப் பார்க்கலாம். பெர்லைட் நொறுங்கும், பூச்சி நசியும்.

பழைய மண்ணை முழுவதும் உதறி, வேரை நீரில் அலசி, நைந்த வேர்களை வெட்டிவிட்டு, செடியை நிழலில் மூன்று நான்கு நாள் வெறும் வேரோடு காயப்போட வேண்டும். சக்குலண்டுக்கு இது தண்டனையன்று. தொட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, புதுக் கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே நீர் விடலாம். புதுக் கலவைக்குக் கடற்கரை மணலை அள்ளிவரக் கூடாது. உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்ந்தது அது. தென்னைநார்க் கழிவையும் இரண்டு மூன்று முறை அலசிவிட்டே சேர்க்கவேண்டும், அதிலும் உப்பிருக்கும்.

செதில் பூச்சி, அசுவினி, இலைப்பேன்

செதில் பூச்சி நகர்வதில்லை என்பதால் தழும்பு என்றே எண்ணப்படுகிறது. கற்றாழை இலையில் வெண்புள்ளியாகவும், கள்ளியின் தண்டில் பழுப்பு ஓடாகவும் அப்பிக்கிடக்கும். நகத்தால் நெம்பினால் எழும்பி வருவது பூச்சி, வராதது தழும்பு. ஓடு மட்டும் தனியே கழன்று உடல் செடியிலேயே ஒட்டியிருந்தால் அது வன்னோட்டு வகை. ஒட்டும் கழிவு விடாது, எறும்பும் வராது. இரண்டையுமே ஸ்பிரிட்டில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் தேய்த்தெடுத்துவிட்டு, குஞ்சுகளுக்காகத் தெளிப்பைத் தொடரலாம். செத்த ஓடுகள் பல வாரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நசுக்கிச் சாறு வராவிட்டால் கவலையில்லை.

அடீனியத்தின் இளங்குருத்தில் கருங்கால்களோடு மஞ்சளாக மொய்ப்பது அரளி அசுவினி. வேலியோரத்து எருக்கில் கொத்துக்கொத்தாக இருப்பதும் இதுவே. வீட்டைச் சுற்றி எருக்கும் அரளியும் இருந்தால் இறக்கை முளைத்தவை பறந்து வந்துகொண்டே இருக்கும். மற்றவர்கள் அஞ்சும் அளவுக்கு இது கெட்ட பூச்சியன்று. நீரைப் பீய்ச்சி இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவினாலே அடங்கிவிடும். மீன் கழுவிய நீரையும் மீன் அமிலத்தையும் அடீனியத்துக்குத் தாராளமாக ஊற்றும் வீடுகளில்தான் இது ஓய்வதில்லை. தழைச்சத்து மிகுந்த மென்குருத்தை இந்தப் பூச்சிகள் விரும்பும். சக்குலண்டுகளுக்கு அவ்வளவு ஊட்டம் தேவையும் இல்லை.

இலைப்பேனை முண்டு மிளகாய் பயிரிடுபவர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்யவேண்டியதில்லை. மிளகாயில்போல் சக்குலண்டில் இலை சுருளாது. வெள்ளிக்கோடுகளும், அவற்றின் மேல் கரும்புள்ளி எச்சமும் தெரியும். பூவுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால் பூந்தண்டை வெட்டி எடுத்துவிடுவது தெளிப்பைவிடப் பயன் தரும்.

செம்பேன்

இது பூச்சியினம் அன்று, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிர். ஆயினும் கச்சான் காற்று புழுதியோடும் வெக்கையோடும் வீசும் மாதங்களில் மாடிச் செடிகளுக்கு மாவுப்பூச்சிக்கு அடுத்த பகை இதுவே. குருத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தகரத் துரு போன்ற படலம் தோன்றும். முற்றிய நிலையில் முட்களுக்கிடையே மெல்லிய நூல்வலை தெரியும். செடியின் கீழ் வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால், விரலால் இழுத்துத் தேயுங்கள்; செம்பழுப்புக் கோடு விழுந்தால் செம்பேன். துருப்பிடித்த இடம் பச்சைக்குத் திரும்பாது. புதுக்குருத்து பச்சையாக வருகிறதா என்பதை வைத்தே குணமானதை அறியவேண்டும்.

வெக்கையில் முட்டை முதிர்ந்து பேனாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே ஆகுமாதலால், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் செடியை முழுக்காட்டி, மாலையில் வேப்ப எண்ணெய் தெளிக்கலாம். கடைக்காரர் நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூளைப் பரிந்துரைப்பார். 32 டிகிரிக்கு மேல் அது இலையைச் சுடும். எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் தெளித்தாலும் சுடும். இந்தக் கரையில் வெக்கை மாதங்களில் பகல் அந்த அளவை எட்டிவிடக்கூடும் என்பதால் அதை விட்டுவிடுவதே மேல்.

மழைக்காலத்துச் சிற்றீ

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைச் சுற்றிக் கொசு போன்ற கறுத்த சிற்றீக்கள் பறந்தால், மண் காயவில்லை என்று பொருள். அவற்றின் கருந்தலைப் புழு மண்ணின் மேற்பகுதியில் பூஞ்சையையும் இளவேரையும் தின்னும். நீரை நிறுத்தி, மழை படாத இடத்துக்கு மாற்றி, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியருகில் நட்டு வைத்தால் போதும். இதற்காக வேறு செலவு வேண்டாம்.

மிளகாய்த் தோட்டத்து மருந்து

கொல்லைக்காகவோ வயலுக்காகவோ வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தை வீட்டுச் செடிக்கு அடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் சாதாரணம். மூடிய அறையிலும் குழந்தைகள் தொடும் உயரத்திலும் அதற்கு இடமில்லை. மாலத்தியான் ஜேட், கல்லாஞ்சோ, எச்சிவேரியா குடும்பத்தையே கெடுக்கக்கூடியது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து வேர் மாவுப்பூச்சிக்குப் பயன்படுமென்றாலும், பூக்கும் செடியில் தேனீக்குக் கேடு. செம்பேனை அது கொல்லாது, சிலவேளை பெருக்கியும் விடும். எல்லா முறையும் பொய்த்து, செடியும் அரிதானதாக இருந்தால் மட்டும், வீட்டுக்கு வெளியே, கையுறையுடன், குப்பியின் சீட்டில் உள்ள அளவை மீறாமல் பயன்படுத்தலாம். சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் வாயில் போகும் பொருள்கள். அவற்றுக்கு அறவே கூடாது.

புதுச்செடி எங்கிருந்து வந்தாலும், மேற்கு வங்கத்துக் கலிம்போங்கிலிருந்து கூரியரில் வந்தாலும் பக்கத்து வீட்டுக் கிளையானாலும், பழைய தொட்டிகளோடு சேர்க்குமுன் மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்கவேண்டும். செம்பருத்திக்கும் பத்துமணிப் பூவுக்கும் அடியில் சக்குலண்டை வைக்காதீர்கள். அவை இரண்டும் மாவுப்பூச்சிக்குப் பிறந்தகம் மாதிரி.

அடித்தண்டுவரை பூச்சி ஏறிவிட்ட செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட, சுத்தமான நுனி ஒன்றையோ இலைகள் சிலவற்றையோ வெட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் புதிதாக நடுவது விரைவான வழி. மழைக்காலத்தில் வெட்டுவாய் காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு நடக்கூடாது. மிச்சச் செடியையும் மண்ணையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டு நாள் கடும் வெயிலில் போட்டுவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். வேலிப்புறத்தில் வீசினால் அங்கிருக்கும் பப்பாளிக்கோ செம்பருத்திக்கோ போய், அங்கிருந்து எறும்பின் வழியாகத் திரும்பி வரும்.